கம்ப்யூட்டர் நின்ற நேரங்கள்

2 ஜூன் 2025, திங்கள்

இந்த நோட்டு ரகுமத்தின் உத்தரவு. பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவள், இப்போது தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். புதுக் கம்ப்யூட்டருக்கான பாகங்களை எல்லாம் அவள்தான் தேர்ந்து கொடுத்தாள். நேற்று சர்ச் விட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து, ஒவ்வொன்றாக நானே பூட்டினேன். கடைசித் திருகை முடுக்கியதும் மூடியை இரண்டு முறை துடைத்தேன்.

இன்று கம்ப்யூட்டரை இயக்கும் ஓ.எஸ்.ஸை அதில் ஏற்ற உட்கார்ந்தால் பாதியில் நின்று போகிறது. ரகுமத்துக்குப் போன் செய்தேன்.

"எத்தனை சதவீதத்துல நிக்கி, என்ன நேரம், அப்ப வீட்டுல என்ன ஓடிக்கிட்டு இருந்துச்சு, எல்லாத்தையும் எழுதி வையி. குருட்டாம்போக்குல எதையும் கழட்டாத" என்றாள்.

10.20: 41 சதவீதம். நீலத் திரை.
11.05: 17 சதவீதம். தானாக அணைந்து தானாக எழுந்தது.
12.10: 63 சதவீதம். அப்படியே உறைந்துவிட்டது. குக்கர் மூன்றாவது விசில்.

வருகிற பதினாறாம் தேதி வேலையில் சேர வேண்டும். சென்னை கம்பெனி. இரும்புக் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் வேலை, வீட்டில் இருந்தே செய்யலாம். கல்யாணத்துக்கு முன்னால் செய்த வேலைதான். பத்து வருஷம் கழித்து ஒருவர் என்னை நம்பிக் கூப்பிட்டிருக்கிறார்.

நாலு மணிக்கு மில்லில் இருந்து வந்த ஆசீர் கம்ப்யூட்டர் கேபினெட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். என் வீட்டுக்காரர் மில்லில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். ஒரு வார்த்தை உதவி செய்வார் என்று பார்த்தேன்.

"இந்த வம்பெல்லாம் எதுக்கு சுகி? லேப்டாப் வாங்கித் தாரேன்."

3 ஜூன், செவ்வாய்

இரண்டு ராம் மெமரி அட்டைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்துப் பார்த்தேன். 9.50க்கு 38. இடம் மாற்றிப் போட்டேன். 10.35க்கு 22. இரண்டுமே கெட்டிருக்க முடியாது என்கிறாள் ரகுமத். மெமரி சோதனை ஓட விட்டிருக்கிறேன். இரண்டு மணி நேரம் ஆகுமாம்.

அதற்குள் துணி துவைத்தேன். ஆசீரின் யூனிபார்ம் இரண்டு, போர்வை ஒன்று. போர்வை பிழிந்தால் மணிக்கட்டு விட்டுப்போகிறது. முன்பு வாஷிங் மெஷின் இருந்தது. பியூலா இறந்த மறு வாரம் அதை ஆசீர் யாருக்கோ கொடுத்துவிட்டார். பார்த்தாலே அவள் ஞாபகம் வருகிறது என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பியூலா என் தங்கை. இங்கே எங்களோடு தங்கி பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். வருகிற ஆகஸ்டில் இரண்டு வருஷம்.

மெமரி சோதனை பாதியில் நின்றுவிட்டது. எத்தனை மணிக்கு என்று பார்க்கவில்லை. பின்பக்கம் இருந்தேன்.

4 ஜூன், புதன்

வேறு பென்டிரைவ். 29 சதவீதம், 11.15.

5 ஜூன், வியாழன்

இன்று பவர் சப்ளை மாற்றம். ரகுமத் தன் கடையில் இருந்து நல்லது ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள். 10.40க்கு 55. பலன் இல்லை.

பாத்திரம் கழுவிய கையோடு கேபினெட்டை நகர்த்தப் போனேன். சுர்ரென்றது. முழங்கை வரை எறும்பு ஓடியது போல. ஈரக் கை. செருப்பும் போடவில்லை.

சாப்பிடும்போது ஆசீரிடம் சும்மா சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்த கையை எடுத்துவிட்டார்.

"எங்க அடிச்சுது?"

"அந்தப் பெட்டியிலதான். லேசாத்தான்."

"செருப்பு போடாம நடக்காதன்னு எத்தனை தடவ சொல்லிருக்கேன்?"

கத்தினார். ஆசீர் கத்துகிறவர் அல்ல. வீட்டுக்குள் ரப்பர் செருப்பு போட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம், ஓடு வழுக்குகிறதாம். பிறகு எழுந்து போய் மெயின் போர்டில் ஒரு பொத்தானை அமுக்கினார். வீடு முழுக்கக் கரண்ட் போய்த் திரும்ப வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது போல் இருந்தது. பாதிச் சோறு தட்டிலேயே கிடந்தது.

7 ஜூன், சனி

சண்டை. எழுதினால் குறையும் என்று எழுதுகிறேன்.

காலையில் எழுந்து வந்தால் கேபினெட் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. கயிறு கட்டியிருக்கிறார்.

"இது இந்த வீட்டுக்கு வேண்டாம். இன்னைக்கே லேப்டாப் பாத்துட்டு வருவோம்."

"லேப்டாப்புல அந்த சாப்ட்வேர் இழுக்காதுன்னு சொன்னேன்லா. கம்பெனியே இப்படித்தான் வேணும்னு எழுதிருக்கு."

"அப்ப வேலையே வேண்டாம்."

பத்து வருஷம் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தாரோ என்று தோன்றியது. கேட்டும்விட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கயிற்றை அறுத்துப் பெட்டியை மறுபடி மேசைக்கு ஏற்றினேன்.

நாசரேத்தில் இருந்து அம்மா போன் செய்தாள். என் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். "கோவப்படாதட்டி, நெஞ்சுக்கு ஆகாது. இந்த வருஷம் ஈ.சி.ஜி. எடுத்தியா?" பியூலாவுக்குப் பிறகு அம்மாவுக்கு இது ஒரு நோய். எனக்கு வருஷம் ஒரு ஈ.சி.ஜி., அப்பாவுக்கு இரண்டு. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இதயம் நின்றுபோகும் என்றால் அது அவளைப் பெற்ற தன் உடம்பின் குறை என்று நினைக்கிறாள். கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்ட ஏதோ மாத்திரையின் பெயரை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

8 ஜூன், ஞாயிறு

ஆசீர் சர்ச் முடிந்து கமிட்டிக் கூட்டத்துக்குப் போனார். நான் ப்ரிட்ஜைச் சுத்தம் செய்தேன். ஐஸ் மலை போல் கட்டியிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து போட்டு, கீழே பழைய துணி விரித்தேன். அது உருகட்டும் என்று இந்தப் பக்கம் வந்து ஓ.எஸ்.ஸை ஏற்றத் தொடங்கினேன்.

41 தாண்டியது. 63 தாண்டியது. நாற்காலியில் உட்கார முடியவில்லை. 80. கண்ணை எடுக்க மனமில்லாமல், திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ப்ரிட்ஜைத் துடைத்து முடித்தேன். 88. பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டேன்.

நீலத் திரை.

ஈரத் துணியோடு அப்படியே நின்றேன். பிறகு இந்த நோட்டை எடுத்து நேரங்களைப் பார்த்தேன். நேரம் மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை. அதனால் இன்னொரு முறை ஆரம்பித்து, ப்ரிட்ஜ் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு இருந்தேன். மோட்டார் ஓடத் தொடங்கிய நொடியில் கம்ப்யூட்டர் அணைந்தது. அடுத்த முறையும் அப்படியே. மூன்று முறை பார்த்தேன்.

ரகுமத்துக்குப் போன் செய்து சொன்னேன். "நாளைக்கு கடைக்குத் தூக்கிட்டு வா. பெட்டியா, வீடான்னு பாத்துருவோம்" என்றாள்.

9 ஜூன், திங்கள்

ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். ரகுமத்தின் கடையில் பதினான்கு நிமிஷம். முதல் தடவையிலேயே ஏறிவிட்டது. ஒரு சிணுக்கம் இல்லை. திரையில் என் பெயரைக் கேட்டது. 'சுகிர்தா' என்று தட்டினேன். ரகுமத் பக்கத்துக் கடையில் இருந்து பாதாம் பால் வாங்கித் தந்தாள்.

ஐந்தே முக்காலுக்கு வீட்டில் வைத்துப் போட்டேன். ஆறு ஐந்துக்கு ப்ரிட்ஜ் ஓடத் தொடங்கியது. நீலத் திரை.

அப்படியானால் பெட்டியில் குறை இல்லை.

ஆசீரிடம் சொன்னேன், நம் வீட்டு லைனில் ஏதோ கோளாறு, நீங்களே பார்க்கலாமே என்று. "பாக்கேன்" என்றார். டி.வி.யை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். மணி ஏழேகால்.

10 ஜூன், செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். வரிசை தவறினால் எனக்கே நம்பிக்கை வராது.

பதினொரு மணிக்கு ரகுமத் மல்டிமீட்டரோடு வந்தாள். ஆசீர் மில்லில். கம்ப்யூட்டர் பிளக் பாயிண்டில் இரண்டு முனைகளையும் வைத்தாள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228 வோல்ட். சரி. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வைத்தாள். 112.

"இது எவ்வளவு இருக்கணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணு, ரெண்டு. மூணு இருந்தாலே நான் யோசிப்பேன்."

சமையல் அறையில் 110. படுக்கை அறையில் 112. பின்பக்கம், மெஷின் இருந்த இடத்து பிளக்கில் 111.

"சுகி, இந்த வீட்டுல எர்த் இல்ல. ஒரு சாமான்ல கசியிற கரண்ட் மண்ணுக்குள்ள போகணும். இங்க போக வழியில்லாம எல்லா சாமானோட தகரத்துலயும் நிக்கி. ப்ரிட்ஜ் உதறினா உன் பெட்டியும் உதறுது."

இருக்காது என்றேன். இந்த வீட்டு வயரிங் முழுக்க ஆசீர் செய்தது. 2019இல் புது வீட்டுப் பிரதிஷ்டைக்கு எங்கள் சர்ச் போதகர் ஐயரவர்கள் வந்தபோது, 'சொந்தக் கையால் செய்தவர்' என்று ஜெபத்திலேயே சொன்னார்.

ரகுமத் மெயின் போர்டைத் திறந்தாள். ஒரு சிறு வெள்ளைப் பெட்டியைத் தொட்டாள். அன்றைக்கு ஆசீர் அமுக்கிய பொத்தான் அதில்தான் இருக்கிறது.

"இது நல்ல காரியம் செஞ்சிருக்காரு. ஆள் மேல கரண்ட் பாஞ்சா கண்ணிமைக்கிறதுக்குள்ள கட் ஆயிரும். ஆனா மத்ததெல்லாம் பழசு. இது மட்டும் எப்ப மாட்டினது?"

பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருந்தது: தயாரிப்பு, ஜூலை 2023.

பியூலா இறந்தது ஆகஸ்ட் 12. அதற்கடுத்த ஞாயிறு முழுக்க ஆசீர் இந்தப் போர்டைத் திறந்து வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தார். துக்கத்தில் கை சும்மா இருக்க முடியாமல் செய்கிறார் என்று விட்டுவிட்டேன். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

போர்டில் இருந்து பச்சை வயர் ஒன்று குழாய் வழியாகப் பின்சுவருக்குப் போகிறது. மெயினை அணைத்துவிட்டு வெளியே போய், குழாய் முடிகிற இடத்தில் சிமெண்ட் பூச்சைத் திருப்புளியால் தட்டினாள். பூச்சு உதிர்ந்தது. வயரைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். தடை எதுவும் இல்லாமல் வந்தது. மூன்றடி. நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அவள் டேப்பைப் பிரித்தாள். உள்ளே செம்பு புதுப் பளபளப்பு. அது மண்ணைத் தொட்டதே இல்லை.

ரகுமத் என் முகத்தைப் பார்த்தாள். "என்ன சுகி?"

"பியூலா வலது கையில ஒரு காயம் இருந்துச்சு. உள்ளங்கையில. பட்டாணி அளவு, காப்பிக் கலர்ல. குளிப்பாட்டும்போது பாத்தேன். தேய்ப்புப் பெட்டி சுட்டிருக்கும்னு நெனச்சேன்."

ரகுமத் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போகிறேன் என்று அவள் சொல்லவே இல்லை. நாலு மணி ஆகப் போகிறது, நீ கிளம்பு என்று நான்தான் சொன்னேன். கம்ப்யூட்டரைத் தன்னோடு கொண்டுபோனாள்.

ஆசீர் வந்தார். பச்சை வயர் பின்சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு, துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார்.

"பிரதிஷ்டைக்கு நாலு நாள்தான் இருந்துச்சு. எர்த் குழி தோண்ட வாரேன்னவன் வரல. பொறவு தோண்டிக்கிடலாம்னு வச்சேன். அதுக்குள்ள தரை போட்டாச்சு."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. இன்னைக்கு, நாளைக்குன்னு போயிட்டு."

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. என்ன இந்தப் பிள்ள குழாயை மூடலன்னு வந்து பாத்தேன். மெஷின்மேல கை இருந்துச்சு. ஆளு கீழ."

"பிறகு?"

"மெயினை ஆஃப் பண்ணிட்டு வந்து தூக்கினேன்."

இந்த ஒரு வரியை அவர் சொன்ன தொனியிலேயே இங்கே எழுத முடியவில்லை. மெயினை அணைத்துவிட்டு வந்து. அப்படியானால் தொடுவதற்கு முன்பே தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் 'மயங்கி விழுந்துட்டா டாக்டர்' என்று சொன்னபோது தெரியும். போஸ்ட்மார்ட்டம் வேண்டாம், பிள்ளையை அறுக்க வேண்டாம் மாமா என்று அப்பாவின் கையைப் பிடித்தபோது தெரியும். நான் அவர் தோளில் விழுந்து அழுதபோது தெரியும்.

"உன் மொகத்தப் பாத்து எப்படிச் சொல்லுவேன் சுகி?"

அடுப்பில் சோறு குழைந்துபோனது. அணைத்தேன். பையை எடுத்துக்கொண்டு ரகுமத் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

11 ஜூன், புதன்

ரகுமத்தின் பிள்ளைகளுக்குச் சடை பின்னிவிட்டேன்.

13 ஜூன், வெள்ளி

ஆசீர் தானே சொல்ல வேண்டும் என்றேன். வந்தார். நாசரேத் பஸ்ஸில் அவர் முன்னால், நான் பெண்கள் பக்கம் பின்னால்.

அம்மா சர்ச் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். அப்பா மட்டும் முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகனைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆசீர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். குழியை, டேப்பை, மெயினை, எதையும் விடவில்லை. என்னிடம் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பிள்ளைக்கு வலிச்சிருக்குமா?"

"தெரியல மாமா."

"உடனே போயிருப்பாளா?"

"தெரியல. தண்ணி எவ்வளவு நேரம் ஓடிச்சுன்னு எனக்குத் தெரியல."

"போலீஸ் ஸ்டேஷன்ல போய் எழுதிக் குடுக்கேன் மாமா" என்றார் ஆசீர்.

"அது ஒம் மனசு. என்ட்ட கேக்காத."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைத் தூக்கினார். ஆசீரைப் பார்த்தார், பிறகு என்னை.

"அதுக்கு முன்னால அவ யார்ட்டயும் சொல்லலியா? மெஷின் கரண்ட் அடிக்குன்னு?"

"என்ட்ட சொல்லல மாமா" என்றார் ஆசீர்.

நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் போன மாதத்துத் தாள் கிழிக்கப்படாமல் இருந்தது. கிழித்தேன்.

அம்மா வருவதற்குள் ஆசீரை அனுப்பிவிட்டார் அப்பா. அம்மாவிடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

14 ஜூன், சனி

ஆசீர் ஸ்டேஷனுக்குப் போனதாக ரகுமத் சொன்னாள். எழுதி வாங்கிக்கொண்டு, கூப்பிடும்போது வரச் சொன்னார்களாம். திரும்பி வந்து பின்பக்கத் தரையை உடைத்து ஒற்றை ஆளாகக் குழி தோண்டிக்கொண்டிருக்கிறாராம். நான் பார்க்கப் போகவில்லை.

ரகுமத்தின் கடை மாடியில் ஒரு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் அங்கே நாலு மணி நேரம் ஓடியது. நிற்கவில்லை. திங்கள் காலை ஒன்பதரைக்கு வேலை.

15 ஜூன், ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2023 ஆகஸ்ட் 10, வியாழன். நான் அகத்திக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். பியூலா ஈரத் தலையோடு வந்து, "அக்கா, மெஷினத் தொட்டா சுர்ருங்கு" என்றாள்.

"ஈரக் கையோட தொடாத. அத்தான்ட்ட சொல்லுதேன்" என்றேன்.

சொல்லவில்லை. வேண்டும் என்று அல்ல. அன்று மாலை ஆசீர் வரும்போது பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை நினைவே வரவில்லை. சனிக்கிழமை காலையில் நான் மார்க்கெட்டில் இருந்தேன்.

இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. அது என்ன என்று இரண்டு வருஷமாக நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஆசீரிடம் அத்தனை கேள்வி கேட்டேன். என்னிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பா கேட்டார். நான் காலண்டர் கிழித்தேன்.

பத்தரை மணிக்கு அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். கீரை, ஈரத் தலை, அவள் சொன்னது, நான் சொன்னது.

அந்தப் பக்கம் பேப்பரை மடித்து வைக்கிற சத்தம் கேட்டது.

பிறகு அப்பா மெதுவாக, சமையல் அறைக்குக் கேட்காத குரலில் பேசினார். "சரிம்மா. இது என்னோட இருக்கட்டும். அம்மாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். அவ தாங்க மாட்டா."

நான் இருக்கிற சத்தத்தை எல்லாம் திரட்டினேன்.

"அம்மா ரெண்டு வருஷமா தன் ஒடம்பத் திட்டிக்கிட்டு இருக்காப்பா. போனை அவட்ட குடுங்க."

"சுகி..."

"குடுங்கப்பா. எல்லாத்தையும் நானே சொல்லுதேன்."

நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் உள்ளே போனது. குழாய் மூடும் சத்தம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"என்னட்டி, சர்ச்சுக்குப் போகலியா?" என்றாள்.